கடைக்காரர் விற்க மறுத்த பேனா

சேவூர் ரோட்டில் இருக்கும் தறிக்கூடம் நான் கட்டியது. பஜாரில் உள்ள பட்டுக்கடை, அதன்மேல் எழுப்பிய இரண்டு மாடி, பின்னால் சாயப்பட்டறை, சந்தவாசல் பக்கம் நிலம், அந்த நிலத்தில் தண்ணீர் வரவே வராது என்று எல்லோரும் சொன்ன இடத்தில் போட்ட போர், எல்லாம் என்னுடையவை. அப்பா விட்டுப் போனது ஒரு குழித்தறி, அதன்மேல் ஒழுகுகிற ஒரு கூரை. மழைக்காலத்தில் பாவின் மேல் பாலிதீன் விரித்து நெய்திருக்கிறேன். பட்டுநூல் விலை ஏறிப் பெரிய கைகளெல்லாம் கடையைச் சாத்திய வருஷத்தில் நான் கடை திறந்தேன். கொரோனாவில் கல்யாணங்கள் நின்றுபோனபோதும் என் தறி ஒன்றுகூட நிற்கவில்லை. நெய்து நெய்து அடுக்கினேன். பைத்தியம் என்றார்கள். ஊரடங்கு முடிந்து எல்லோரும் ஒரே சமயத்தில் கல்யாணம் வைத்தபோது கையில் சரக்கோடு உட்கார்ந்திருந்தவன் நான்தான். பள்ளிக்கூடம் நாலாவது வரை. மற்றதெல்லாம் தினமும் பேப்பர் படித்து நானாகக் கற்றுக்கொண்டது. இதையும் நானேதான் எழுதுகிறேன், யாரையும் வைத்து எழுதவில்லை.

இவை ஊருக்குத் தெரிந்தவை. தெரியாத ஒன்று இருக்கிறது. என் மருமகள் இன்று நீதிபதி. அவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததில் என் பங்கு ஒன்று உண்டு. அந்தப் பங்கு ஒரு பேனா.

மருமகள் ஆரணி கோர்ட்டில் வக்கீலாக இருந்தாள். நீதிபதித் தேர்வு என்றால் கட்டத்தில் புள்ளி வைக்கிற தேர்வு இல்லை. காலையில் ஒரு தாள், மதியம் ஒரு தாள், பக்கம் பக்கமாக எழுதவேண்டும். முதல் தடவை போனபோது தெரிந்த கேள்விகளையே முடிக்காமல் வந்தாள். ஏன் என்று அவள் எழுதுவதைப் பார்த்த எவருக்கும் புரியும். பேனாவை உளி பிடிப்பதுபோலப் பிடிப்பாள். ஒரு பக்கம் எழுதினால் கீழே உள்ள பக்கங்களிலும் தடம் விழுந்திருக்கும். சிறிது நேரம் போனால் கட்டைவிரல் உள்ளே மடங்கிக்கொள்ளும். பிறகு எழுதுவது அவளுக்கே படிக்க வராது.

இரண்டாம் தடவைக்கு அறிவிப்பு வந்தது. அடுத்த அறிவிப்பு எப்போது வந்தாலும் அதற்குள் அவளுக்கு வயது வரம்பு தாண்டிவிடும். அதனால் இதுதான் கடைசி. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து மாதிரித்தாள் எழுதுவாள், நடுவில் கையை உதறுவாள்.

“எல்லாம் தெரியுது மாமா. கைதான் வரமாட்டேங்குது” என்றாள் ஒரு நாள்.

என் வீட்டுக்காரி நல்லெண்ணெய் சூடுபண்ணி விரல்களை உருவிவிட்டாள். மகன் விதவிதமாக ஜெல் பேனா வரவழைத்துக் கொடுத்தான். எதை எடுத்தாலும் அவள் அதே அழுத்துதான் அழுத்தினாள்.

அந்தக் காலத்தில் என் நிலத்துக்குப் பத்திரம் எழுதியவர் ஞாபகம் எனக்கு வந்தது. காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம் வரைக்கும் எழுதுவார். கையை உதறி நான் பார்த்ததில்லை. அவர் வைத்திருந்தது இங்க் பேனா. விடைத்தாளுக்குக் கறுப்பு மை என்றுதான் விதி, எந்தப் பேனா என்று இல்லை. அதை மருமகளிடமே கேட்டுத் தெரிந்துகொண்டேன். எதற்குக் கேட்கிறேன் என்று சொல்லவில்லை.

பஜாரில் நயினார் ஒருவர் ஸ்டேஷனரி கடை வைத்திருக்கிறார். இங்க் பேனா கண்ணாடி அலமாரியில் வைத்து விற்பது அவர் ஒருவர்தான். சமணர், பொழுது சாய்வதற்குள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிடுகிற மனுஷர், அதனால் கடையில் நாம் நேரம் எடுத்தால் அவருக்குப் பிடிக்காது. நான் போனது சாயங்காலம் நாலு மணிக்கு.

“வாங்க முதலாளி, குந்துங்க. பட்டை வுட்டுட்டு பேனாக் கடைக்கு வந்துகிறீங்க?”

“மருமகளுக்கு ஒரு இங்க் பேனா வேணும் நயினாரே. ஜட்ஜு பரீட்சை எழுதப்போறா. நல்லதா எழுதணும். எல்லாத்தையும் எடுத்துப் போடுங்க.”

“எல்லாத்தையுமா?”

“எல்லாத்தையும்தான்.”

ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். ஒரு மை பாட்டிலைத் திறந்து வைத்து, நிப்பை அதில் தொட்டு, ஒரு பழைய நோட்டை என் பக்கம் தள்ளினார். அந்த நோட்டில் எல்லோரும் எழுதிப் பார்த்திருக்கிறார்கள். பாதிக்குமேல் பிள்ளையார் சுழிதான். மீதி கையெழுத்து. வெறும் காகிதத்தில் கையெழுத்துப் போடுகிற பழக்கம் எனக்கு இல்லை. வியாபாரத்தில் இருப்பவன் அதைச் செய்யமாட்டான். நான் தடையில்லாமல் எழுதுவது நிறங்களின் பேர்தான். அரக்கு, மயில்கழுத்து, மாந்துளிர், கிளிப்பச்சை, வெங்காயத்தோல் என்று எழுதிக்கொண்டே போனேன். மருமகள் பிடிப்பதுபோல் பிடித்து, அவள் அழுத்துவதுபோல் அழுத்தி எழுதினேன். ஒரு பேனா காகிதத்தைக் கீறியது. ஒன்று மயில் எழுதியபின் கழுத்து எழுத மறுத்தது. ஒன்று எழுதுவதற்கு முன்பே சொட்டியது.

“இப்படித் தொட்டுத் தொட்டு எழுதினா ரெண்டு வரிதான் வருது நயினாரே. மை ரொப்பிக் குடுங்க, ஒரு பக்கம் எழுதிப் பாக்கறேன்.”

“ரொப்பிட்டா அது பழசு ஆயிடும் முதலாளி. அப்புறம் யாரு வாங்குவாங்க?”

“என் கடைக்கு வந்து பாருங்க. ஒரு பொடவைக்கு நாப்பது பொடவ பிரிச்சிப் போடறேன். தோள்மேல போட்டுக்கறாங்க, கண்ணாடியில பாக்கறாங்க, வெளிச்சத்துல பாக்கணும்னு தெருவுக்கே எடுத்துகினு போறாங்க. அப்புறம் வரோம்னு சொல்லிட்டு எழுந்து போறாங்க. நான் மூஞ்ச காட்டறேனா? நீங்க ஒரு பேனா ரொப்பமாட்டீங்களா?”

“பொடவைய மடிச்சி வெச்சா புதுசு. ரொப்பின பேனாவ எப்படி மடிக்கறது?”

அதற்காக எழுந்து போகிறவன் நான் இல்லை. மறுபடி எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதிப் பார்த்தேன். நயினார் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு வாசலில் வெயிலைப் பார்த்தார்.

“ஜல்தி முடிங்க முதலாளி, உங்களால பேஜாரு.”

மை பாட்டிலுக்குப் பக்கத்தில், ஏற்கெனவே மை நிரப்பிய ஒரு கறுப்புப் பேனா கிடந்தது. மூடியெல்லாம் கீறல். அதை எடுத்து எழுதினேன். எழுதினேன் என்றுகூடச் சொல்லமுடியாது, காகிதத்தில் வைத்தேன், அது போயிற்று. அழுத்தவே தோன்றவில்லை. ஒரு பக்கம் நிறங்களை எழுதி முடித்து, தெரிந்த ஊர்களின் பேரையும் எழுதினேன். என் விரல் பேனாவைப் பிடித்திருக்கிறது என்பதே மறந்துபோயிற்று.

“இதுதான். இத குடுங்க.”

“அது விக்கறதுக்கு இல்ல. கம்பெனிக்காரன் காட்டறதுக்குக் குடுத்தது. வருஷக் கணக்கா வரவன் போறவன் எல்லாம் எழுதிப் பாத்தது. அதே மாடல் உள்ள இருக்குது, சீல் பிரிக்காதது.”

உள்ளே போய்ப் பெட்டியோடு கொண்டுவந்தார். அதே கறுப்பு, அதே நிப்பு, கீறல் மட்டும் இல்லை. தொட்டு எழுதினேன். எழுதியது. ஆனால் காகிதத்தோடு சண்டை போட்டு எழுதியது.

“இது அது இல்ல நயினாரே.”

“கம்பெனி ஒண்ணு, மாடல் ஒண்ணு. அப்புறம் எப்படி வேறயாவும்?”

“ஒரே பாவுல நெய்யற பொடவைங்க ஒண்ணுபோல ஒண்ணு இருக்காது. கண்ணால பாத்த பொடவையத்தான் கட்டிக்குடுப்பேன், அதே மாதிரி உள்ள இருக்குதுன்னு சொல்ற வேலை என் கடையில இல்ல. எழுதிப் பாத்தது இது. எனக்கு இதுதான் வேணும்.”

“ஊரே எழுதின பேனாங்க அது. எச்சில் தட்டுல சோறு போட்டா மாதிரி. நாளைக்கு ஜட்ஜு ஆவப்போற பொண்ணு கைல இத குடுப்பீங்களா? நயினாரு பழசைத் தலையில கட்டிட்டான்னு ஆரணி பூரா பேசும்.”

“நான் கேட்டு வாங்கறேன். நீங்க ஒண்ணும் கட்டல.”

“அப்படின்னா சும்மா எடுத்துகினு போங்க. காசு வேணாம்.”

சும்மா வாங்கினால் அது நான் வாங்கியது ஆகாது. புதுப் பேனாவுக்கு உள்ள விலையைப் பெட்டிமேல் பார்த்து அப்படியே மேசையில் வைத்தேன். கறுப்பு மை ஒரு பாட்டிலும் எடுத்துக்கொண்டேன். நயினார் ஷட்டரில் கை வைத்துக்கொண்டே சொன்னார்:

“ஒண்ணு மட்டும் சொல்றேன். இத எங்க கடையில வாங்கினதுன்னு யாருகிட்டயும் சொல்லிடாதீங்க.”

வீட்டில் பேனாவைப் பார்த்ததும் வீட்டுக்காரி மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“ஏங்க, கீறல் வுழுந்த பேனாவ முழு வெலைக்கா வாங்கியாந்தீங்க? உங்க கடை பொம்மை மேல கட்டியிருக்கற பொடவைய யாராச்சும் கேட்டா, அது அழுக்கும்மா, உள்ள புதுசு தரேன்னு சொல்றவரு நீங்கதானே?”

“அது வேற, இது வேற” என்றேன். அது வேறுதான்.

மருமகள் வாங்கி, இரண்டு வரி எழுதினாள். பழக்கம் விடுமா, உளிபோலப் பிடித்து அழுத்தினாள். நிப்பு விரிந்து மை கொட்டியது. “பாவம் மாமா, எனக்காக அலைஞ்சிருக்கீங்க” என்று சொல்லி, துடைத்து, மூடி, பழக்கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். ஜெல் பேனாவை எடுத்தாள். படிக்கிற பெண்ணிடம் இதற்குமேல் பேசினால் நச்சரிப்பு என்பார்கள். பேனா அங்கேயே கிடந்தது. வாழைப்பழம் எடுக்கிறபோதெல்லாம் அதைத் தள்ளி வைத்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழு நேர மாதிரித்தாள் எழுதிக்கொண்டிருந்தாள். நான் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். பாதியில் கையை உதறினாள். பிறகு மறுபடி உதறினாள். விரலை மற்றக் கையால் பிடித்து நிமிர்த்தினாள். ஜெல் பேனாவைக் கீழே போட்டாள். அப்புறம் பழக்கிண்ணத்துப் பக்கம் கை போயிற்று. வலித்த கையால் அழுத்த முடியாது அல்லவா. அழுத்தாமல் எழுதினாள். பேனா போயிற்று. நான் பேப்பரைத் தூக்கிப் பிடித்து அதன் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கம் திருப்பினாள். இன்னொரு பக்கம் திருப்பினாள். நேரம் முடிந்து மணி அடிக்க வைத்திருந்த போன் அடித்தபோது கடைசிக் கேள்வியின் கடைசி வரியில் இருந்தாள்.

எழுந்து வந்து, “மாமா, மை வாங்கினீங்களே, அது எங்க?” என்றாள்.

அலமாரியில் இருக்கிறது என்று சொன்னேன்.

அதன்பிறகு அந்தப் பேனாவைத் தவிர வேறொன்றை அவள் தொடவில்லை. தேர்வுக்குச் சென்னை போனாள். திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போதே, “முடிச்சிட்டேன் மாமா, எல்லாத்தையும்” என்றாள். தேறினாள். நேர்முகத்திலும் தேறினாள். வேலைக்கான உத்தரவு வந்தது.

வக்கீல்கள் எல்லோரும் சேர்ந்து கல்யாண மண்டபத்தில் பாராட்டு வைத்தார்கள். நான் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். மருமகள் பேசினாள். தொழில் கற்றுக்கொடுத்த சீனியருக்கு நன்றி. பயிற்சி நிலையத்துக்கு நன்றி. கணவருக்கு நன்றி. தூங்காமல் காபி போட்டுக்கொடுத்த மாமியாருக்கு நன்றி, அதற்குக் கைதட்டல். அப்புறம் எனக்கு, ‘ஆசீர்வாதம் செய்த மாமனார்’ என்றாள். ஆசீர்வாதம் எல்லோரும் செய்கிறதுதான். அது பஜாரில் அலைந்து வாங்குகிற பொருள் இல்லை.

இதாவது வீட்டு விஷயம். அந்த வாரம் பஜாரில் போகும்போது நயினார் கடையில் கூட்டம். ஒரு அப்பாவும் பெண்ணும் நிற்கிறார்கள். நயினார் சீல் பிரிக்காத பெட்டியைக் காட்டிச் சொல்லிக்கொண்டிருக்கிறார்:

“நம்ம ஜட்ஜம்மா எழுதினது இதே பேனாதான். நான்தான் பாத்துக் குடுத்தேன்.”

நான் படியேறி உள்ளே போய் நின்றேன். என்னைப் பார்த்ததும், “வாங்க முதலாளி, உங்களப் பத்திதான் சொல்லிகினு இருந்தேன்” என்றார்.

“என்னைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே நயினாரே. கடை பேரே சொல்லாதீங்கன்னு சொன்னவரு நீங்கதானே?”

“அது அப்போ” என்றார்.

வீட்டுக்கு வந்து மருமகளிடம் நேராகவே கேட்டேன். “மேடையில பேனாவ வுட்டுட்டியேம்மா.”

அவள் சிரித்தாள். “மாமா, நான் எழுதினேனா, பேனா எழுதுச்சா?”

“நீதாம்மா எழுதின. போன தடவையும் நீதான் எழுதின.”

சிரிப்பு நின்றது. “ஜட்ஜு முன்னாடியே வாதாடறீங்க” என்றாள். தீர்ப்பு ஒன்றும் சொல்லவில்லை. துணி மடிக்கப் போய்விட்டாள்.

படித்தது அவள். ராத்திரி பகல் பார்க்காமல் உட்கார்ந்தது அவள். அதில் எனக்குப் பங்கு கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். ஆனால் தெரிந்ததையெல்லாம் காகிதத்தில் இறக்க ஒரு வழி வேண்டியிருந்தது. மகன் வாங்கித் தந்தவற்றில் அது இல்லை. நயினார் பெட்டிக்குள் வைத்திருந்தவற்றிலும் இல்லை. விற்கமாட்டேன் என்று அவர் சொன்ன ஒன்றில் இருந்தது. அதை எழுதிப் பார்த்து, இதுதான் என்று சொல்லி, பேச்சு வாங்கிக்கொண்டு, முழு விலை கொடுத்து எடுத்து வந்தவன் நான்.

பெரணமல்லூரில் அவள் படித்த பள்ளிக்கூடத்தில் அடுத்து ஒரு விழா வைத்திருக்கிறார்கள். அங்கேயும் பேசப்போகிறாள், நன்றி சொல்லப்போகிறாள். அந்த வரிசையில் என் பேர் முறையாக வரவேண்டும். ஆசீர்வாதம் என்று வரக்கூடாது. பேனாவைத் தேர்ந்தெடுத்தவர் என்று வரவேண்டும். பயிற்சி நிலையத்துக்குப் பின்னால் வந்தால் போதும், அதற்கு நான் ஆட்சேபம் சொல்லமாட்டேன். காபிக்கு முன்னால் வந்தாகவேண்டும்.