நான் போட்ட பூட்டுக்குள் அரைமணி நேரம்

நானே பூட்டிய அறைக்குள் அரைமணி நேரம் மாட்டிக்கொண்டு விழித்திருக்கிறேன். அந்த அறைக்குச் சுவர்கூடக் கிடையாது என்பதுதான் கேவலம்.

இணையவழிப் பட்டப்படிப்பில் வகுப்பெடுப்பது என் பிழைப்பு. மாணவர்கள் கேமராவை மூடிவிட்டுத் திரையில் கறுப்புக் கட்டங்களாக வீற்றிருப்பார்கள். கல்லறைத் தோட்டத்தில் ஆளில்லாமல் ஜெபம் சொல்வதுபோல் இருக்கும். இவர்களுக்குள் ஒட்டுதலை உண்டாக்குகிறேன் பேர்வழி என்று, வகுப்பைச் சின்னச் சின்ன இணைய அறைகளாகப் பிரித்து, உள்ளே பேசிப் பழகச் சொன்னேன். பிரித்த கையோடு நழுவிவிட்டார்கள். ஆகவே சட்டம் போட்டேன்: நேரம் முடியும்வரை அறை திறக்காது; வகுப்பையே விட்டு ஓடினால் அன்றைய வருகைப்பதிவு கிடையாது. போதாக்குறைக்கு, ஜனநாயகம் என்று சொல்லி, வகுப்பின் கடிவாளத்தை ஒருநாள் மாணவத் தலைவனிடம் கொடுத்தேன். அவன் அறை பிரிக்கும் பொத்தானை அழுத்தினான். இயந்திரம் என்னையும் மாணவனாக எண்ணி ஓர் அறைக்குள் தள்ளிப் பூட்டியது. வகுப்பையே விட்டு ஓடினால் என் சட்டப்படி என் வருகைப்பதிவும் போய்விடும்.

உள்ளே ஒரே ஒரு பெண். குஜிலியம்பாறைப் பக்கம், கல்யாணத்தோடு நின்றுபோன படிப்பை, பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கியபின் மறுபடி பிடித்தவர். அதுவரை அவர் குரலை நான் கேட்டதில்லை. கேமராவைத் திறந்தார். சமையலறை.

"சார், நீங்களா? நல்லதாப் போச்சு. நாளைலருந்து நான் வரல சார். படிப்ப நிப்பாட்டிக்கிறேன்."

"ஏம்மா, பாடம் புரியலையா?"

"பாடமெல்லாம் புரியுது. பேசத்தான் ஆளில்ல. தெனம் குட் மார்னிங் போடுறேன், ஒருத்தரும் திருப்பிப் போடல. எங்கூர்ல பஸ்ஸுக்கு நின்னாக்கூட முன்னப்பின்ன தெரியாதவுக 'எங்கிட்டும்மா போற'ன்னு கேப்பாக."

தனிமையே அறிஞர்களின் செல்வம் என்று ஆரம்பித்தேன்.

"செத்த இருங்க சார், வெஞ்சனம் அடிப்பிடிக்குது."

மீதிச் சொற்பொழிவை அவர் வீட்டு காஸ் சிலிண்டர் கேட்டுக்கொண்டது. எழுந்து போகலாமென்றால் நாகல் நகர் வீட்டில் என் நிஜ அறையின் நிலைமையும் அதுதான். வகுப்பு நேரத்தில் விருந்தாளி யாரும் நுழைந்துவிடக் கூடாதென்று மனைவி வெளியே தாழ்ப்பாள் போடுவது வழக்கம். தட்டினேன்.

"கிளாஸ் முடியட்டும்!" என்றாள்.

அந்தப் பெண் திரும்பி வந்தார். "இன்னும் இருக்கீகளா சார்?"

"வெளிய போக முடியலம்மா."

"நீங்க போட்ட பூட்டுத்தானே?" முதல்முறையாகச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பைப் பிடித்துக்கொண்டு, இந்தப் பருவம் மட்டுமாவது வாருங்கள் என்று கெஞ்சினேன். அவர் பதில் சொல்வதற்குள் நேரம் முடிந்து அறை திறந்துகொண்டது.

மறுநாள் வந்தார். அந்த வாரமே அவருடைய குட் மார்னிங்குக்கு வரிசையாகப் பதில் விழுந்தது. பிறகு வகுப்பில் என்னையே மடக்கிக் கேள்வி கேட்டார். என் சொல்லுக்கு இம்புட்டுச் சக்தியா என்று சக ஆசிரியர்களிடம் பீற்றிக்கொண்டு திரிந்தேன். பருவம் முடிந்ததும் ஆசை தாங்காமல் அவரிடமே கேட்டேன், நான் சொன்னதில் எது மனதை மாற்றியது என்று.

"நீங்க சொன்னதா? பாதி நேரம் நான் அடுப்படியிலல்ல இருந்தேன்! சார் உள்ள மாட்டிக்கிட்டு என்ன செஞ்சாருன்னு கேட்டு அன்னைக்கே அம்புட்டுப் பேரும் மெசேஜ் போட்டாக. உங்களக் கிண்டலடிக்கன்னே ஒரு குரூப் வச்சிருக்காக சார். இப்ப நாந்தான் அதுக்கு அட்மின்."