வாடை தெரியாத மூக்கு

கோழி டாக்டர் கொட்டகைக்குள் வந்து இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டே வெளியே ஓடினார். சின்ன வயசுப் பெண். அலோர் காஜா ஊருக்குப் பக்கத்துக் கோழிப் பண்ணை அது. நான் அங்கே சூப்பர்வைசர், பதினெட்டு வருட சர்வீஸ். உடம்பு சரியில்லையோ என்று பின்னாலேயே போனேன்.

“அங்கிள், உங்களுக்குக் கண்ணு எரியலையா? உள்ள நிக்கவே முடியல லா.”

எரியவில்லை, வாடையும் இல்லை என்று பெருமையாகவே சொன்னேன். மழை வாரம் அது. குஞ்சுகளுக்குக் குளிரும் என்று ஃபேனைக் குறைத்திருந்தேன். குஞ்சுகள் தண்ணீர் குடிக்கும் நிப்பிள் குழாய் ஒழுகி, கீழே பரப்பிய உமி எச்சத்தோடு சேர்ந்து களியாகக் கிடந்தது. ஈர எச்சத்திலிருந்து அமோனியா கிளம்பும் என்று எனக்குத் தெரியாதா என்ன? தெரியும். அளவு பார்க்க என் மூக்கு போதும் என்ற திமிர். அமோனியா அளவு பார்க்க ஆபீஸ் கொடுத்த டெஸ்ட் பேப்பர் டிராயரில் பிரிக்காமலே கிடந்தது.

டாக்டர் ஒரு பேப்பரை நனைத்து, குஞ்சு நிற்கும் உயரத்தில் பிடித்தார். நீலமாகிவிட்டது; அமோனியா அளவு மீறினால்தான் அந்த நிறம். ஒரு குஞ்சைத் தூக்கிக் காட்டினார். இமை வீங்கி, கண் பாதி மூடியிருந்தது. தினமும் இதிலேயே இருப்பவர்களுக்கு வாடை உறைக்காது என்றார்.

அன்றே ஈர உமியை வாரி, கொட்டகைக்கு வெளியே தனிக் கூரைக்கடியில் குவித்தோம். நிப்பிள் மாற்றி, காய்ந்த உமி போட்டு, ஃபேனைக் கூட்டினோம். சில நாளில் பேப்பர் சரியாகக் காட்டியது. கண் கெட்ட குஞ்சுகள் சில தேறவில்லை.

எனக்கு உறுத்தியது வேறு. மனைவி இறந்த பிறகு பண்ணை குவாட்டர்சில் தனியாக இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை, பத்து பெரண்டாம் என்ற ஊரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனால் வாசலிலேயே நாற்காலி போடுவாள். உள்ளே கூப்பிட்டதில்லை. கல்யாணமானதும் பிள்ளை மாறிவிட்டது என்று பொருமி, போவதையே நிறுத்தியிருந்தேன். மூன்று வருடம்.

அந்த ஞாயிறு போனேன். கேட்டுக்கு வெளியே நின்றே கேட்டேன்.

“என் மேல வாடை அடிக்குதாம்மா?”

தலையைக் குனிந்துகொண்டாள்.

“அடிக்கும்பா. மாமியார் மூஞ்சி சுளிப்பாங்க. நீங்க அத பாத்துடக் கூடாதுன்னுதான் வெளிய உக்கார வச்சேன். எப்படிப்பா சொல்றது?”

அழுதுவிட்டேன். அவள் கொடுத்த டவலை வாங்கிக் குளித்து, மாப்பிள்ளை சட்டையைப் போட்டுக்கொண்டு உள்ளே உட்கார்ந்து சாப்பிட்டேன்.

பண்ணை வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளே, டெஸ்ட் பேப்பரை டிராயரில் போடாதீர்கள். ஆனால் அது கொட்டகையை மட்டும்தான் சொல்லும். உங்களைச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். கேட்காமல் யாரும் சொல்ல மாட்டார்கள்.

இப்போது ரிட்டையர் ஆகி தங்கா பத்து என்ற ஊரில் தனியாக இருக்கிறேன். மாதம் ஒருமுறை மகள் வருவாள். வந்ததும் என் சட்டையை முகர்ந்து பார்த்து, ஒன்றும் இல்லை என்பாள். அவள் வராத நாட்களில் எனக்குத் தெரியாது.