க்ளோவிஸ் மேபெரியின் பாஸ்

அமெரிக்காவில், மெம்ஃபிஸ் நகரின் தெற்குப் பக்கத்தில், டயர் கடைக்கும் மீன் வறுத்து விற்கும் கடைக்கும் நடுவே ஹோரஸ் டில்லார்டின் கடை இருந்தது. பெயர்ப்பலகை கிடையாது. தேடி வருகிறவனுக்கு வழி தெரியும், தெரியாதவனுக்கு இங்கே என்ன வேலை என்பது அவர் கட்சி. சுவர் முழுக்கப் பழைய பாஸ் கிட்டார்கள்தான் தொங்கும், நான்கு தந்தியும் அடிக்குரலுமாக. யாராவது ஆசையாக ஆறு தந்திக் கிட்டாரை விற்கக் கொண்டு வந்தால், "இது கொசு கத்துற மாதிரி கத்தும்ப்பா, அடுத்த தெருவுல வாங்குவான்" என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

அந்தக் கடையில் பகல் முழுவதும் ஒரு அரைத்தூக்கம் நிலவும். மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருக்கும். மீன் கடையின் எண்ணெய் வாசனை மெல்ல வந்து பெட்டிகளின் மேல் படியும். பின்பக்கத் தண்டவாளத்தில் சரக்கு ரயில் போகும்போது சுவரில் தொங்கும் அத்தனை பாஸும் யாரும் தொடாமலே, கேட்டும் கேட்காமலும், ஒரு ரீங்காரம் போடும். ஹோரஸ் அப்போது கண்ணை மூடிக்கொள்வார். வாடிக்கையாளர் எதிரே நின்றாலும் சரி, விலை பாதியில் நின்றாலும் சரி, ரயில் போய் முடிந்த பிறகுதான் பேச்சு.

அவர் வாங்குகிற விதமும் ஒரு தினுசு. முதலில் பெட்டியைத் திறந்து மூக்கை உள்ளே விடுவார். பழைய சிகரெட், சட்டைக் கஞ்சி, எப்போதோ மூடிப்போன நடன அரங்கின் ஈரம், எல்லாம் அந்த வெல்வெட்டுக்குள் இருக்கும். அப்புறம் பாஸை எடுத்து, மின்சாரம் எதுவும் கொடுக்காமல், அதன் உடலில் கொம்பு மாதிரி நீண்டிருக்கும் மேல் முனையில் தாடையை அழுத்தி வைத்துக்கொண்டு ஒரு தந்தியைச் சுண்டுவார். சத்தம் காது வழியாகப் போகாமல் பல் வழியாக, எலும்பு வழியாக மண்டைக்குள் போகும். "கட்டிக்கப் போறியா அத?" என்று கேட்டுச் சிரிக்காத ஆள் இல்லை. சிரித்துவிட்டுப் போகட்டும். ஆனால் நாஷ்வில்லிலும் டோக்கியோவிலும் இருக்கிற பெரிய வியாபாரிகள் ஒரு பாஸைக் கண்ணால் பார்க்காமல், ஹோரஸ் தொலைபேசியில் சொல்கிற ஒரு வார்த்தையை நம்பிப் பணம் அனுப்பினார்கள்.

இந்த வியாபாரத்தில் அழுக்குதான் சொத்து. கீறல் இருக்கலாம், வண்ணம் உதிர்ந்திருக்கலாம், வியர்வை பட்டு மரம் கறுத்திருக்கலாம். நல்லெண்ணத்தோடு யாராவது புது வண்ணம் பூசிவிட்டால் பாதி விலை போச்சு. தந்திகள் வந்து முடிகிற இடத்தில் கம்பெனிக்காரன் பளபளவென்று ஒரு உலோக மூடி வைத்துத்தான் விற்றான். வாங்கினவர்கள் எல்லாரும் அதைக் கழற்றிச் சாம்பல் தட்ட வைத்துக்கொண்டார்கள். இப்போது அந்த மூடிக்காக அலைகிறார்கள். பாஸ்காரர் ஒருவர் இறந்த துக்க வீட்டில் ஆறுதல் எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, "ஆஷ்ட்ரே ஏதாச்சும் கெடக்குதாம்மா?" என்று ஹோரஸ் கேட்பதைப் பார்த்தவர்களுக்கு ஒன்றும் புரியாது.

இத்தனை வருடம், இத்தனை பாஸ். வாங்கினார், விற்றார். ஆனால் அவர் தேடியது என்னவோ ஒன்றைத்தான்.

பதினேழு வயதில் அவருடைய அத்தை அவரைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளாத குறையாக நியூ கில்போவா கிறிஸ்தவ சபைக்குக் கூட்டிப் போனாள். கடைசி வரிசையில், தூங்குகிற உத்தேசத்தில் உட்கார்ந்தான் பையன். பாட்டு தொடங்கியது. சத்தம் மேடையிலிருந்து வரவில்லை. தரைப்பலகை வழியாக, செருப்பு வழியாக, முழங்கால் வழியாக ஏறி வயிற்றில் வந்து உட்கார்ந்தது. துளியும் மினுக்கு இல்லை. தலையணையைத் தட்டினால் எழுமே, அப்படி ஒரு ‘தும்’. அது பிறப்பதும் தெரியவில்லை, அணைவதும் தெரியவில்லை. அவனுக்குக் காரணம் இல்லாமல் கண் நிறைந்தது. வெகுநேரம் கழித்துத்தான் டிரம்ஸுக்குப் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு நின்ற நெட்டையான மனிதரைப் பார்த்தான். ரயில்வே யார்டில் வேலை பார்த்த க்ளோவிஸ் மேபெரி. கையில் பழுப்பும் கறுப்புமாக ஒரு பாஸ்.

ஹோரஸ் வாசிக்கக் கற்றுக்கொண்டார். சுமார்தான். அதனால் வாசிப்பதை விட்டுவிட்டு அந்தச் சத்தத்தை வாங்கப் புறப்பட்டார். அதே வருடத்துப் பாஸ், அதே மரம், அதே வண்ணம் என்று எத்தனையோ கை மாறின. எதுவும் அதுவாக இல்லை. பிறகுதான் விஷயம் பிடிபட்டது. மேபெரி அந்தப் பாஸை வாங்கிய நாளிலிருந்து தந்தியை மாற்றியதே இல்லை. தட்டையாக, வழவழப்பாக இருக்கும் பழைய வகைத் தந்தி. ஹோரஸ் முதன்முதலில் கேட்ட அன்றைக்கே பல வருடத்து ஞாயிற்றுக்கிழமைகளின் வியர்வை அதன் இடுக்குகளில் இறங்கி, கணீரென்ற ஓசையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துவிட்டு, அந்தத் ‘தும்’மை மட்டும் மிச்சம் வைத்திருந்தது. வாசிக்கிறவர்கள் எப்போதும், "சத்தம் விரல்லதான் இருக்கு" என்பார்கள். ஹோரஸ் சண்டைக்கே போவார். "விரல்ல நகந்தான் இருக்கு. சத்தம் மரத்துலயும் கம்பியிலயும் இருக்கு" என்பார்.

ஒவ்வொரு ஈஸ்டர் அன்றும், ஆராதனை முடிந்து சபைக் கூடத்தில் சாப்பாடு நடக்கும்போது, தட்டோடு போய் மேபெரிக்கு எதிரே உட்காருவார்.

"பிரதர் மேபெரி, விக்கிறீங்களா?"

"நான் போனப்புறம் வா."

"எப்போ போறதா உத்தேசம்னு சொல்லிட்டீங்கன்னா, நானும் கொஞ்சம் பணம் சேத்து வெச்சுப்பேன்."

"கோழிய தின்னுட்டுப் போடா, கழுகு!"

பக்கத்தில் இருக்கும் எர்னஸ்டீன், மேபெரியின் மனைவி, சிரித்துக்கொண்டே ஹோரஸ் தட்டில் இன்னொரு துண்டு வைப்பாள். "எங்க வீட்டுக் கழுகுக்கு மட்டும் தொடைக்கறிதான் எறங்கும்" என்பாள். வருடா வருடம் இதே பேச்சு. ஒரு வருடம் ஹோரஸ் கேட்க மறந்தபோது மேபெரிக்குக் கோபம் வந்துவிட்டது.

இலையுதிர் காலத்தில் மேபெரி காலமானார். ஹோரஸ் சவப்பெட்டி தூக்கினார், பாஸைப் பற்றி வாய் திறக்கவில்லை. வசந்தம் வந்து டாக்வுட் மரம் வெள்ளையாகப் பூத்திருந்த ஒரு நாள், எர்னஸ்டீன் தானே கூப்பிட்டாள்.

"கழுகு, வந்து எடுத்துட்டுப் போ. அது மூலையில நிக்கிறதப் பாத்தா எனக்குத் தூக்கம் வரமாட்டேங்குது."

ஹோரஸ் கடையில் இருந்ததிலேயே நல்லதாக இரண்டு பாஸை வந்த விலைக்கு விற்றுப் பணம் புரட்டினார். விற்பதற்காக இல்லை, இதைத் தனக்கே வைத்துக்கொள்ளத்தான். ஞாயிற்றுக்கிழமை உடுப்பைப் போட்டுக்கொண்டு போனார். வழியெல்லாம் கனவில் வண்டி ஓட்டுகிற மாதிரி இருந்தது. ஆற்றின் மேல் பனி வெயிலில் கரைந்துகொண்டிருந்தது. நாளைக் காலையில் கடையைத் திறக்காமல், தரையில் உட்கார்ந்து, கொம்பில் தாடையை வைத்து, ஒரே ஒரு தந்தியைச் சுண்டுவேன் என்று நினைத்துக்கொண்டார். அதற்கு மேல் அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை. வேறு என்ன வேண்டும்?

எர்னஸ்டீன் கேக்கும் இனிப்புத் தேநீரும் வைத்திருந்தாள். பாஸ் சோபாவின் மேல் கிடந்தது. ஜன்னல் வெளிச்சம் அதன் மேல் விழ, தந்திகள் நான்கும் பளிச்சென்று மின்னின.

ஹோரஸ் குனிந்து ஒரு தந்தியை விரலால் தடவிப் பார்த்தார்.

"தொடச்சீங்களா, மிஸ் எர்னஸ்டீன்?"

"பின்னே? வீட்ட விட்டுப் போறத அழுக்கோடயா அனுப்புவாங்க? கம்பியக் கழட்டி, சூப் பானையில வினிகர் விட்டு நல்லாக் கொதிக்க வெச்சேன். அவருதான் சொல்லிக் குடுத்தாரு. கல்யாணமான புதுசுல கிளப்புல வாசிப்பாரு. புதுக் கம்பி வாங்கக் காசேது? கொதிக்க வெச்சா உசுரு வந்துரும்பாரு. தண்ணி எப்படிக் கறுத்துச்சு தெரியுமா! பாக்கணும் நீ!"

ஏழை பாஸ்காரர்கள் செய்கிற வேலைதான் அது. கொதிக்க வைத்தால் எண்ணெயும் வியர்வையும் இறங்கிவிடும், செத்த தந்தி மறுபடி கணீரென்று பேசும். வாலிபத்தில் மேபெரி கிளப்பில் வாசித்த வேறு பாஸுக்குச் சரி. ஆனால் அந்தக் கறுத்த தண்ணீரில்தான் நியூ கில்போவா சபையின் அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளும் இருந்தன. அவள் அதைப் பின்வாசலில் கொட்டிவிட்டு, பானையைக் கழுவிக் கவிழ்த்தும் வைத்துவிட்டாள்.

ஹோரஸ் பாஸை எடுத்துத் தாடையை வைத்துச் சுண்டினார். கண்ணாடி டம்ளரைக் கரண்டியால் தட்டின மாதிரி ‘ணங்’ என்றது. பல் கூசியது. அவருக்கு ஒரு கணம் அந்தக் கிழவியின் மேல் கோபமே வந்தது. கத்திவிடலாம் போலிருந்தது.

"அவரு ஸ்பீக்கர் பெட்டியில மாட்டி வாசி. ஒரு தடவ கேட்டுட்டு அனுப்பிடுறேன்" என்று சொல்லி, எர்னஸ்டீன் மேபெரியின் நாற்காலியில் போய் அமர்ந்தாள்.

மேபெரியின் ஒலிபெருக்கிப் பெட்டி சூடாக நேரம் எடுத்தது. ஹோரஸ், ஈஸ்டர் அன்று மேபெரி வாசிக்கும் மெதுவான பாட்டைத் தொடங்கினார். எர்னஸ்டீன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்தாள். தரையைப் பார்த்தாள், தன் பாதத்தைப் பார்த்தாள். அங்கே ஒன்றும் வந்து சேரவில்லை.

"நிறுத்து ஹோரஸ்."

நிறுத்தினார்.

"இது அவரு இல்ல. இதே பெட்டிதான், இதே பாட்டுதான். அவரு எங்க போனாரு? நான் ஏதாச்சும் பண்ணிட்டேனா? கொதிக்க வெச்சிருக்கக் கூடாதோ?"

ஹோரஸ் அவள் கையைப் பார்த்தார். வினிகர் பட்டு விரல் நுனிகள் வெளுத்திருந்தன. உண்மை அவருடைய நாக்கு நுனியில் நின்றது. அதைச் சொன்னால் இந்த அம்மாள் மிச்சமிருக்கிற நாளெல்லாம் அந்தப் பானையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள்.

"கம்பியில என்னங்க இருக்கு?" என்றார். "சத்தம் விரல்லதான் இருக்கு. பிரதர் மேபெரி விரல்ல இருந்துச்சு. அவரு போகும்போது கையோட கொண்டு போயிட்டாரு."

வாழ்நாள் முழுக்க யாரோடெல்லாம் சண்டை போட்டாரோ, அவர்களுடைய வார்த்தை. சொல்லும்போது வாயெல்லாம் கசந்தது.

"நெஜமாவா?"

"சத்தியமா. இது வெறும் மரக்கட்ட."

எர்னஸ்டீன் நாற்காலியில் சாய்ந்தாள். அப்புறம் பெருமூச்சு விட்டாள். மாதக்கணக்காக அடக்கி வைத்திருந்த மூச்சு.

"அவரு இதுக்குள்ளயே மாட்டிக்கிட்டு, வாசிக்க ஆளில்லாம நிக்கிறாருன்னு நெனச்சேன், ஹோரஸ். அதான் பாக்க முடியல. அதான் உன்னக் கூப்பிட்டேன். அவரு போயிட்டாருன்னா சரி. மரக்கட்டதான்னா, இது இங்கயே இருக்கட்டுமே. அவரு கை பட்ட கட்ட."

ஹோரஸ் சட்டைப் பையிலிருந்து பணத்தை எடுத்தார். "நல்ல விலை கொண்டு வந்திருக்கேன், மிஸ் எர்னஸ்டீன்."

"உனக்கு எதுக்குப்பா? இத்தன வருசமா நீ அந்தச் சத்தத்துக்குத்தானே அலஞ்ச? அதுதான் இதுல இல்லேன்னு நீயே சொல்லிட்டியே. வெறுங்கட்டைக்கு உங்கிட்ட காசு வாங்கினா அவரு என்னச் சும்மா விடுவாரா?"

ஹோரஸ் பணத்தைத் திரும்பப் பைக்குள் வைத்தார். அவர் தலையை ஆட்டினார். தந்தி மறுபடி அழுக்கேறும், தினமும் வாசித்தால், இன்னும் இருபது வருடம் ஆனால், என்று உள்ளே ஏதோ ஒன்று கெஞ்சியது. ஹோரஸுக்கு வயது அறுபத்தைந்து.

அவள் எழுந்து பாஸை வாங்கி, மூலையில் பழையபடி நிறுத்தினாள். தள்ளி நின்று பார்த்தாள். உள்ளே போய், சபைக்குப் போட்டுப் போகும் ஊதா நிறத் தொப்பியைக் கொண்டு வந்து அதன் தலையில் மாட்டினாள். இறகு ஒரு பக்கம் சரிந்து நின்றது.

"எப்படி இருக்கு?"

"அழகா இருக்கு" என்றார் ஹோரஸ். அது என்னவோ உண்மைதான்.

மறுநாள் கடையைத் திறந்ததுமே தொலைபேசி அடித்தது. நாஷ்வில்லில் இருந்து வெண்டல். ஹோரஸிடம் வாங்கி வெளிநாட்டுக்கு விற்கிறவன், வாய்க்காரன்.

"யோவ் கெழவா! மேபெரி பாஸப் பாத்தியாமே! இங்க ஊரெல்லாம் அதே பேச்சுதான். வாங்கிட்டியா?"

"வாங்கல."

"ஏன்? அந்தம்மா ஏத்திக் கேக்குதா? நான் வேணா ஒரு எட்டுப் போய்ப் பேசிப் பாக்கட்டா?"

போவான். நாளைக்கே போவான். போனதும் பாஸைக் கையில் எடுப்பதற்கு முன்னாலேயே, "அய்யய்யோ, கம்பிய எவ கொதிக்க வெச்சது?" என்று அந்த வீட்டு நடுக்கூடத்தில் நின்று கத்துவான். இவன் இல்லாவிட்டால் இன்னொருவன். ஹோரஸ் சுவரில் சாய்ந்துகொண்டார். இந்தத் தொழிலில் அவர் பொய் சொன்னதே இல்லை. அவருடைய மூலதனமும் அது ஒன்றுதான்.

"வீணா பெட்ரோல் செலவு பண்ணாத. தாடைய வெச்சுப் பாத்துட்டேன். சாதாரண பாஸ்."

"மேபெரி பாஸா? சாதாரணமா? நீயா சொல்ற?"

"நாமதான் பேசிப் பேசிப் பெருசாக்கிட்டோம். அந்தம்மா அதுல தொப்பி மாட்டி வெச்சிருக்காங்க. அதுக்குத்தான் லாயக்கு."

மறுமுனையில் வெண்டல் வயிறு குலுங்கச் சிரித்தான். "தொப்பியா! அடக் கடவுளே! சரி, நீ சொல்லிட்டா அப்பீல் ஏது? எல்லார்கிட்டயும் சொல்லிடுறேன், விடு."

ஹோரஸும் கூடச் சேர்ந்து சிரித்தார். வெண்டல் வைத்த பிறகும் அந்தச் சிரிப்பு கொஞ்ச நேரம் நிற்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொள்ள அது வசதியாக இருந்தது.