பச்சைப்பயற்றில் ஓர் உடம்பு

கட்டியை முதலில் கண்டது என் குண்டூசி. எண்பதுகளின் நடுவில் ஒரு தீபாவளி நெருக்கடி. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பாதிப் பெண்களுக்கு நான்தான் ரவிக்கை தைப்பேன். ஊருக்கெல்லாம் தைத்து முடித்துவிட்டு எனக்கென்று ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். இடப்பக்கம் துணியைப் பிடித்து ஊசி குத்தும்போது, விரலுக்கடியில் சுண்டைக்காய் அளவில் ஏதோ தட்டுப்பட்டது. தீபாவளி போகட்டும் என்று விட்டுவிட்டேன். நீங்கள் அப்படி விடாதீர்கள்.

பயாப்ஸி (கட்டியில் சிறு துண்டெடுத்துச் சோதிப்பது) முடிந்ததும், டாக்டர் என் வீட்டுக்காரரைப் பார்த்தே பேசினார்.

"என்னப் பாத்துச் சொல்லுங்க டாக்டர். கட்டி எனக்குத்தானே?"

அவர் திரும்பினார். மாஸ்டெக்டமி (மார்பகத்தை முழுவதும் அகற்றுவது), பிறகு ரேடியோதெரபி (கதிர்வீச்சுச் சிகிச்சை) என்றார். முழுதும் எடுத்தால்தான் நல்லது என்றார். தலையாட்டினேன்.

ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பிய பிறகு கதவைத் தாழிட்டுக்கொண்டே உடை மாற்றினேன். வீட்டுக்காரர் ரயில்வே பட்டறையில் வேலை செய்தார். அதிகம் பேசாத மனிதர். தலையணையை எடுத்துக்கொண்டு ஹாலில் படுக்க ஆரம்பித்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. அருவருப்புதான் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். நோயைவிட அதுதான் என்னை அரித்தது.

ரவிக்கைக்குள் பஞ்சு வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். பஞ்சுக்குக் கனமில்லை, நடந்தால் தோளுக்கு ஏறிவிடும். தையல்காரிக்கு இது பொறுக்குமா? லைனிங் துணியில் ஒரு பை தைத்து, பச்சைப்பயறு நிரப்பினேன். கனம் சரியாக வந்தது. என் தொழிலில் நான் மிகவும் பெருமைப்பட்ட வேலை அது.

ஒரு நாள் பாசாரிலிருந்து காய்கறி வாங்கி வரும்போது நல்ல மழை. தொப்பலாக நனைந்து வந்து, பையைக் கழற்றி அலமாரிக்குள் போட்டுவிட்டுக் காய்ச்சலில் படுத்துவிட்டேன். எழுந்து அலமாரியைத் திறந்தால், துணியைக் கிழித்துக்கொண்டு வெள்ளை வெள்ளையாக முளை.

என் அலறலைக் கேட்டு ஓடி வந்த வீட்டுக்காரர் பையைப் பார்த்தார். அது என்னவென்று அவருக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை.

"அட, தவ்கே! மீகூன் பிரட்டிடலாமா?" எங்கள் ஊரில் முளைப்பயற்றைத் தவ்கே என்போம், மீகூன் என்கிற அரிசிச் சேமியாவில் போட்டுப் பிரட்டுவோம்.

அழ வேண்டிய நேரத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அதைக் குப்பையில் கொட்ட மனம் வரவில்லை. உடம்பில் இல்லாத ஒன்றுக்குப் பதிலாக நான் சுமந்தது இத்தனை நாளும் உயிரோடு இருந்திருக்கிறது. அதை ஓர் உடம்பாகவே நட்டுவிட வேண்டும் என்று தோன்றியது. எனக்குப் படம் வரையத் தெரியாது. ஆளின் அளவுக்கு வெட்டத் தெரியும்.

சமையலறைக்குப் பின்னால் அவரிடம் மண்ணைக் கொத்தச் சொல்லி, அதன்மேல் பாய் விரிக்காமல் மல்லாந்து படுத்தேன். "என்னைச் சுத்திக் குச்சியால கோடு போடுங்க."

"பக்கத்து வீட்டு ஆன்டி பாத்தா பைத்தியம்னு நெனைப்பாங்க லா."

"பயறு போடுறோம்னு சொல்லுங்க. பொய் இல்லையே."

தலையிலிருந்து கால் வரை சுற்றிவந்தார். நான் எழுந்தபின் உள்ளேயும் வரையச் சொன்னேன். வலப்பக்கம் ஒரு வட்டம் போட்டார். இடப்பக்கம் குச்சி நின்றுவிட்டது.

"இங்க?"

"இருக்கிறதைப் போடுங்க."

"நான் பாக்கலையே, சரசு."

கோபமில்லை, குறையுமில்லை. தெரியாது என்று சொன்னார், அவ்வளவுதான். சட்டைக்கு மேலேயே விரலால் தழும்பு போகும் வழியைக் காட்டினேன், நெஞ்சின் நடுவிலிருந்து அக்குள் வரை. அதைப் பார்த்துச் சாய்வாக ஒரு கோடு இழுத்தார். அந்தக் கோட்டில் மட்டும் பயறு போடவில்லை.

செடி வளர்ந்தது. பக்கத்து வீட்டுக் கோழி தலையைக் கிளறிவிட்டது. முதலில் விரட்டினேன், பிறகு விட்டுவிட்டேன். பூச்சி கைகளைத் தின்றது. வயிற்றில் மஞ்சள் பூ பூத்தது. ரேடியோதெரபிக்குப் போய்வந்து தினமும் அதன் அருகில் உட்கார்வேன். வாரத்துக்கு வாரம் அது வேறு ஆளாக இருந்தது. நெற்று காய்ந்து வெடித்தபோது, தழும்பு எது, செடி பட்டுப்போன இடம் எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. எனக்கு வருத்தம் வரும் என்று நினைத்தேன். நிம்மதியாக இருந்தது.

அன்று மதியம் குளித்துவிட்டு, கைலியை இடுப்பில் கட்டிக்கொண்டு, தாழ்ப்பாளை எடுத்து அவரைக் கூப்பிட்டேன். மூட நினைத்தேன், மூடவில்லை.

வெகுநேரம் பார்த்தார். "தையல் கோணலாப் போயிருக்கே. நீ போட்டிருந்தா நேராப் போட்டிருப்ப" என்றார். சொல்லிவிட்டு அவர்தான் அழுதார்.

"அப்புறம் ஏன் ஹால்ல போய்ப் படுத்தீங்க?"

"தூக்கத்துல என் கை பட்டு உனக்கு வலிச்சிடுமோன்னுதான்."

இத்தனை மாதம் நாங்கள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் பயந்துகொண்டு கிடந்திருக்கிறோம். அவர் கையை எடுத்து அங்கே வைத்தேன். "இங்க உணர்ச்சியே கெடையாது. வலிக்காது" என்றேன். அன்றிலிருந்து தூங்கும்போது அவர் கை அங்கேதான் கிடக்கும்.

முதலில் போகப்போவது நான் என்றுதான் நாங்கள் இருவரும் நினைத்திருந்தோம். அவர் போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. நரம்பு அறுந்த இடம், இனி எதுவும் தெரியாது என்று டாக்டர்கள் இன்னும் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வது சரிதான். ஆனால் படுத்தவுடன் அங்கே ஒரு கையின் கனம் இருக்கிறது, அது விலகிவிடக்கூடாது என்று நான் புரண்டு படுப்பதில்லை.