சந்தனக் கலர் முழுக்கைச் சட்டை

பெரிய ஓட்டலுக்குச் சாப்பிடப் போகும்போது எதை உடுத்திக்கொள்வது என்று எங்கள் வீட்டில் பதினைந்து நாள் பேசினோம். என்னைப் பெண் பார்க்க வந்தபோதுகூட அத்தனை பேச்சு நடக்கவில்லை என்று அத்தை இப்போதும் சொல்வாள். ஓட்டலுக்குப் போனபோது எனக்குப் பதினொரு வயது. ஆறாம் வகுப்பு படித்தேன். வாய் கொஞ்சம் நீளம். அது மட்டும் சின்னதாக இருந்திருந்தால் அம்மாவுக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

குன்னத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பா துபாயில் கம்பி கட்டும் வேலையில் இருந்தார். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை நாற்பது நாள் லீவில் வருவார். அந்தத் தடவை வந்த லீவில் அவர்களுடைய கல்யாண நாளும் சேர்ந்து வந்தது. அம்மாவுக்கு அந்தத் தேதியே ஞாபகத்தில் இல்லை. அப்பாதான் போனிலேயே சொல்லிவிட்டார், கூட வேலை செய்கிறவர்கள் எல்லாம் கல்யாண நாளுக்குப் பொண்டாட்டியை ஓட்டலுக்குக் கூட்டிப்போகிறார்களாம், நாமும் போகவேண்டும் என்று. “அதுக்கு என்னங்க இப்ப, வூட்ல கறி எடுத்துக் கொழம்பு வச்சா ஆவாதா?” என்றாள் அம்மா. ஆகாது என்றுவிட்டார் அப்பா. அங்கே அவர் ஒரு பெரிய ஓட்டலுக்கு அஸ்திவாரத்திலிருந்து உச்சி மாடிவரை கம்பி கட்டியிருந்தார். திறப்பு விழாவுக்குப் பிறகு அதன் வாசலில்கூட அவரை நிற்க விடவில்லை. அந்தக் கோபம் அவருக்குள் இருந்தது.

அரியலூரில் அப்போதுதான் புதிதாக ஓர் ஓட்டல் திறந்திருந்தார்கள். சிமெண்ட் ஆலைக்கு வந்துபோகும் ஆபீசர்களுக்காகக் கட்டியது என்று பேச்சு. என் வகுப்பில் ஒருத்தி அங்கே போய்வந்தவள். அவள் சொன்னதை நான் அப்படியே நம்பினேன். வாசலில் தலைப்பாகை கட்டிய ஒரு ஆள் நிற்பாராம். நம்மை மேலிருந்து கீழே பார்ப்பாராம். உடுப்பு நன்றாக இருந்தால்தான் கதவைத் திறப்பாராம். ஆம்பிளைகள் முழுக்கைச் சட்டையை உள்ளே விட்டு பெல்ட் போட்டிருக்கவேண்டுமாம். எனக்கு அன்றிலிருந்து தூக்கம் போயிற்று. எங்களைத் திருப்பி அனுப்பிவிட்டால் திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் எந்த முகத்தோடு போய் நிற்பது?

அப்பா எனக்கு ஒரு பிங்க் கவுன் வாங்கி வந்திருந்தார். தலைவழியாக இறங்கியது, தோளில் வந்து நின்றுகொண்டது. அவர் போகும்போது இருந்த என் உயரத்தை மனதில் வைத்து வாங்கியிருந்தார். “வளந்துட்டியே பாப்பா” என்று இரண்டு முறை சொன்னார். வளர்ந்தது என் தப்பு என்று சொல்வதுபோல எனக்குப் பட்டது. இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. பிறகு, போன பொங்கலுக்கு எடுத்த பச்சைச் சுடிதாரே போதும் என்று நானே இறங்கிவந்தேன். தம்பிக்கு நடந்தால் விளக்கு எரிகிற ஷூ. அவன் அதைப் போட்டுக்கொண்டுதான் தூங்கினான். அம்மாவுக்கு அத்தை தன் அரக்குப் பட்டுச் சேலையைக் கொடுத்திருந்தாள். அத்தை அப்பாவுக்கு அக்கா, அடுத்த தெருவில் இருந்தாள்.

மிச்சம் அப்பா மட்டும்தான். அவர் பெட்டி நிறைய கம்பெனி பேர் போட்ட டீசர்ட். ஆனால் அவருக்குக் கவலையே இல்லை. “எனக்குத்தான் அந்தச் சந்தனக் கலர் சட்ட இருக்கே” என்றார். அது அம்மா பெரம்பலூரில் தேடித் தேடி எடுத்துக் கொடுத்தது. அதில்தான் அவர் ராஜா மாதிரி இருப்பார். போன லீவு முடிந்த அன்று மத்தியானம்வரை அதைத்தான் போட்டிருந்தார். ஏர்போர்ட்டில் ஆளை அடையாளம் தெரியவேண்டும், எல்லாரும் கம்பெனி டீசர்ட்டில் வாங்க என்று ஏஜெண்ட் சொன்னதால் கடைசி நேரத்தில் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் போனார்.

“அது எங்க கெடக்கோ. எலி கடிச்சிருக்கும். வேற எடுத்துக்கலாங்க” என்றாள் அம்மா.

எலி கடித்த சட்டையை எடுத்துக் காட்டு என்று யாரும் கேட்கவில்லை. நான் கேட்டேன். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் வேறு பிள்ளையாக இருந்தால் அடங்கியிருக்கும். நான் பீரோவைக் கவிழ்த்தேன். பரண்மேல் ஏறினேன். ஓட்டலுக்குப் போகிற அன்று காலையில் விறகுக் கொட்டகையில் தொங்கிய வயர்க்கூடையில் கைவிட்டேன். அம்மா காட்டு வேலைக்குக் கொண்டுபோகிற கூடை அது. களைக்கொத்துக்கும் தலைத்துண்டுக்கும் அடியில் சந்தனக் கலர் தெரிந்தது.

எங்கள் பக்கம் பெண்கள் காட்டில் இறங்கும்போது சேலைக்கு மேலே ஆம்பிளைச் சட்டை போட்டுக்கொள்வார்கள். மக்காச்சோளத் தோகை பட்டால் கையெல்லாம் கீறிவிடும். பருத்திக்கு மருந்து அடித்திருந்தால் உடம்பு அரிக்கும். அதனால் புருஷன் போட்டுக் கழித்த முழுக்கைச் சட்டைதான் அவர்களுக்குக் கவசம். வரப்பில் வைத்து மாட்டிக்கொண்டு, திரும்பும்போது கழற்றிக் கூடைக்குள் திணித்துக்கொண்டு வருவார்கள். அதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் அம்மாவுக்குக் கழித்துப்போட்ட சட்டையா இல்லை? நீலக்கட்டம் ஒன்று, பழுப்பு ஒன்று, கோடு போட்டது ஒன்று. மூன்றும் கொடியில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தன. அத்தனையையும் விட்டுவிட்டு இருக்கிற ஒரே நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு களை வெட்டியிருக்கிறாள். மணிக்கட்டுப் பக்கம் பச்சைச் சாறு கறுத்துக் கிடந்தது. முழங்கையில் கிழிசல். நடுவில் ஒரு பித்தான் விழுந்து, அந்த இடத்தில் சிவப்புப் பித்தான் தைத்திருந்தது.

போலீஸ்காரன் திருட்டுப் பொருளைக் கொண்டுவருவதுபோல அதைக் கொண்டுபோய் அப்பா மடியில் போட்டேன். அத்தையும் அப்போது இருந்தாள். “பாருங்கப்பா, நல்ல சட்டையப் போட்டுட்டுக் களை வெட்டிருக்காங்க. மூணு பழைய சட்ட சும்மா கெடக்கு” என்றேன்.

அத்தை வாயில் கைவைத்துக்கொண்டாள். “ஏம்மா, உனக்குக் கூறு இருக்கா? அவன் ஆசையா வச்சிருந்த சட்ட. வேற சட்டையே கெடைக்கலியா?”

அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். திரும்பவில்லை. “அதான் கை நீளமா இருந்துச்சு அண்ணி” என்றாள்.

“அதுங்களும் முழுக்கைச் சட்டதான்” என்றேன் நான். சாட்சி சொல்வதில் நான் எப்போதும் கெட்டி.

அப்பா சட்டையை மடியில் விரித்துவைத்துச் சிவப்புப் பித்தானைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று நான் ஆவலோடு காத்திருந்தேன். கடைசியில் அம்மாவைப் பார்த்து, “சாயந்தரத்துக்குள்ள காஞ்சிரும்ல புள்ள?” என்றார்.

“என்னது?”

“தொவச்சுப் போடு. இதத்தான் போட்டுட்டு வரப்போறேன்.”

அரியலூரில் இறங்கி ஒரு புதுச்சட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு போடா என்று அத்தை தலைதலையாய் அடித்துக்கொண்டாள். அப்பா கேட்கவில்லை. அம்மா சட்டையைத் துவைத்துக் காயவைத்து இஸ்திரி போட்டாள். கறை போகவில்லை. கிழிசலை உள்பக்கமாகத் தைத்தாள். அதோடு விட்டாளா? அத்தையின் பட்டை மடித்து அவளிடமே கொடுத்துவிட்டுத் தன் மஞ்சள் வாயில் சேலையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள். அந்தச் சட்டைக்குப் பக்கத்தில் பட்டு நன்றாக இருக்காதாம். எனக்கு அழுகை வந்தது. போயும் போயும் இந்தக் கோலத்திலா? தலைப்பாகைக்காரர் எங்களைத் துரத்தப்போகிறார் என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் மனதுக்குள் அடித்துக்கொண்டேன்.

துரத்தவில்லை. எங்களைப் பார்த்ததும் விறைப்பாக ஒரு சல்யூட் வைத்துக் கதவைத் திறந்துவிட்டார். அப்பாவும் பதிலுக்கு விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார். நான் பூமிக்குள் போயிருப்பேன், தரை சலவைக்கல்லாக இருந்தது.

உள்ளே குளிர்ந்தது. விளக்குகள் மங்கலாக இருந்தன. கறை தெரியாது என்று கொஞ்சம் ஆறுதல்பட்டேன். ஆனால் எங்கள் மேஜைக்கு நேர்மேலே ஒரு விளக்கு தொங்கியது. அப்பா இரண்டு கையையும் அதற்குக் கீழே தாராளமாக வைத்துக்கொண்டார். அம்மா யாரும் பார்க்காதபோது அவர் சட்டையின் கைப்பட்டையை உள்ளே மடித்துவிட்டாள். அப்பா அதை வெளியே எடுத்துவிட்டார். மறுபடி மடித்தாள். “விடு புள்ள, இருக்கட்டும்” என்றார். நான் நாற்காலியை ஓரமாக நகர்த்திப் பக்கத்து மேஜைக்காரர்கள் வீட்டுப் பெண்போலத் தெரியும்படி உட்கார்ந்துகொண்டேன்.

சூப் வந்தது. தம்பி கீழே காலை ஆட்டி ஆட்டி விளக்கெரித்தான். அப்பா அங்கிருந்த தூண்களைப் பார்த்து, இது இத்தனை எம்எம் கம்பி, அது இத்தனை என்று அம்மாவுக்குச் சொன்னார். அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அப்புறம் அப்பா குரலைத் தாழ்த்தினார். நான் பக்கத்து மேஜைக்காரியாக இருந்தாலும் காது என்னுடையதுதானே. எல்லாம் கேட்டது.

“இந்தச் சட்டையப் போட்டுட்டுப் போனா காட்ல கேலி பண்ண மாட்டாளுங்களா?”

“பண்ணாம?”

“என்னான்னு?”

“என்னாடி, வூட்டுக்காரரு வந்துட்டாராம்பாளுங்க.”

“நீ என்ன சொல்லுவ?”

அம்மா தண்ணீர் கிளாஸை நகர்த்தி நகர்த்தி மேஜையில் ஈர வட்டம் போட்டுக்கொண்டிருந்தாள். “வந்துட்டாரு, தோ வரப்புல நிக்கறாருன்னு சொல்லுவேன்.”

அப்பா சிரிப்பார் என்று பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு சூப்பைக் கலக்கினார். அது ஆறி வெகுநேரமாகியிருந்தது. எனக்கோ அது படு அசட்டுப் பேச்சாகப் பட்டது. துபாயில் இருக்கிற மனுஷர் எப்படி வரப்பில் நிற்பார்? அம்மாவுக்கு உண்மையிலேயே கூறு இல்லை, அத்தை சொன்னது சரிதான் என்று நினைத்துக்கொண்டு ஐஸ்கிரீம் எப்போது வரும் என்று காத்திருந்தேன்.

லீவு முடிய ஒரு வாரம் இருந்தது. அந்த வாரம் முழுக்க அப்பா அதே சட்டையைத்தான் போட்டார். கடைத்தெருவுக்கும் அது, மோட்டார் ரிப்பேருக்கும் அது, மத்தியானத் தூக்கத்துக்கும் அது. துவைக்கக் கொடுங்களேன் என்று அம்மா ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கிளம்புகிற அன்று மத்தியானம் அதைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு டீசர்ட்டைப் போட்டுக்கொண்டார். வேன் தெருமுனை திரும்பும்வரை அம்மா வாசலில் நின்றாள். உள்ளே வந்து, ஆணியில் கிடந்த சட்டையை எடுத்து மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்தாள். பீரோ இருக்க அங்கே ஏன் வைக்கிறாள் என்று நினைத்தேன், கேட்கவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. அம்மா நீலக்கட்டச் சட்டையைக் கூடையில் போட்டுக்கொண்டு களைக்குப் போனாள். எனக்கு லீவு. அப்பா இல்லாத வீடு வெறிச்சென்று கிடந்தது. மூலையில் பிங்க் கவுன் தொங்கியது. அவரோடு பேசாமல் வீணாக்கிய இரண்டு நாளை நினைத்தேன். எல்லார் எதிரிலும் அம்மாவைக் காட்டிக்கொடுத்ததை நினைத்தேன். மனசு உறுத்தியது. அம்மாவுக்கு ஏதாவது நல்லது செய்யவேண்டும் என்று தோன்றியது.

தலையணையைத் தூக்கினேன். சட்டை கசங்கி, காலரில் அழுக்கேறி, வேர்வை நாற்றம் அடித்தது. அதைப் பக்கெட்டில் முக்கி இரண்டு பாக்கெட் பவுடர் கொட்டி ஊறவைத்தேன். கல்லில் கும்மினேன். பிரஷ் போட்டுக் காலரைத் தேய்த்தேன், கைப்பட்டையைத் தேய்த்தேன். அத்தை வீட்டுக்கு ஓடிப்போய், கடைசியில் ஊற்றி அலசுகிற மல்லிகை வாசனைத் தண்ணீரை ஒரு மூடி வாங்கிவந்தேன். விரலெல்லாம் வெந்துபோனது. அம்மாவால் எடுக்க முடியாத கறையில் பாதி என் கையில் போயிற்று. கொடியில் விரித்துப் போட்டபோது புதுச்சட்டை மாதிரி ஆடியது.

அம்மா பொழுதிறங்க வந்தாள். வாசலிலேயே பார்த்துவிட்டாள். கூடையைக் கீழே வைக்காமலே கொடிப்பக்கம் போனாள். சட்டையின் ஒரு கையைப் பிடித்து முகத்தருகே கொண்டுபோனாள். காலரையும் எடுத்து மோந்து பார்த்தாள். நான் ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்றேன்.

“யாரு தொவச்சது?”

“நாந்தாம்மா. எப்புடி?”

அம்மா சட்டையைவிட்டுக் கையை எடுக்காமல் நின்றாள். வெயிலில் களை வெட்டியதில் கண் சிவந்திருந்தது என்று நினைத்துக்கொண்டேன். பிறகு என் தலையில் கைவைத்தாள்.

“நல்லா வெளுத்திருக்குடி” என்றாள்.

அன்று ராத்திரி அவள் சாப்பிடவில்லை. தலைவலி என்றாள். மறுவாரமும் நீலக்கட்டத்தைத்தான் கூடையில் வைத்தாள். அதற்கடுத்த வாரமும் அப்படித்தான். சந்தனக் கலர் சட்டை மல்லிகை வாசனையோடு பீரோவின் அடித்தட்டில் மடித்தபடியே கிடந்தது. அப்பா அடுத்த லீவுக்கு வரும்வரை அம்மா அதைத் தொடவே இல்லை. நல்ல சட்டையைக் காட்டுக்குப் போடக்கூடாது என்று நான் சொன்னது அம்மாவுக்கு ஒருவழியாக உறைத்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். அத்தையிடமும் போய்ப் பெருமையாகச் சொன்னேன்.