எட்டு டிகிரிக்கு எத்தனை எம்எம், வசந்தாக்கா?

வசந்தாக்கா போய்விட்டார். இன்று விடியற்காலையில். நெஞ்சுவலி என்கிறார்கள்.

நேற்று சாயந்திரம் அவரைக் கீழ்பென்னாத்தூர் பஸ் ஏற்றிவிட்டவளே நான்தான். ஜன்னல் வழியாகக் கையாட்டினார். அப்புறம் எப்படி...? இன்னும் எனக்கு ஒன்றும் புரியவில்லை.

அக்காவைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். திருவண்ணாமலையில் ஒரு செல்போன் கடையின் மாடியில் எங்கள் ஆபீஸ். குளிர் நாட்டுக் கடலில் பலகை வைத்து அலைச்சறுக்கு போகிறவர்கள் உடம்போடு ஒட்டப் போடும் ரப்பர் உடை, வெட்சூட், அதை ஒரு வெளிநாட்டுக் கம்பெனி ஆன்லைனில் விற்கிறது. எதை வாங்கலாம் என்று சாட்டில் கேட்பவர்களுக்கு நாங்கள்தான் பதில் சொல்கிறோம்.

எங்கள் லட்சணம் என்னவென்றால், அக்கா கடலைப் பார்த்ததே ஒரே ஒரு தடவை. பாண்டிச்சேரியில். அதுவும் முழங்கால் வரைக்கும்தான்!

ஆனால் சார்ட் முழுக்க மனப்பாடம். தண்ணீர் பதினேழு டிகிரி என்றால் மூன்று எம்எம் கனம் போதும். எட்டு என்றால் ஐந்து எம்எம், கூடவே தலைக்கும் கைக்கும் காலுக்கும் உறை.

சேர்ந்த புதிதில் மட்டும் எல்லாரையும் ஒரு சைஸ் பெரிதாக வாங்கச் சொல்லிவிட்டார். தீபாவளிக்கு நாம் பிள்ளைகளுக்கு டிரஸ் எடுக்கிற கணக்குதான். "இறுக்கிப் புடிச்சா எப்பிடிடி மூச்சு வுடுவாங்க? கொஞ்சம் லூசா இருந்தாதான் அடுத்த வருசத்துக்கும் ஆவும்."

வெட்சூட் லூசாக இருந்தால் ஐஸ் தண்ணீர் உள்ளே புகுந்துவிடும். அது எங்களுக்கு எங்கே தெரியும்...

பீட்டர் என்று ஒரு பெரியவர். தனி ஆள். அக்கா சொன்ன சைஸில் கடலில் இறங்கி, விறைத்துப்போய்த் தவழ்ந்து கரை ஏறியிருக்கிறார். திட்டவே இல்லை. சைஸ் மாற்ற முடியுமா என்று மட்டும் கேட்டார்.

அக்கா அன்றைக்கு ஆபீஸிலேயே அழுதார். "நல்லா இருந்த மனுசன சாவடிக்கப் பாத்தேனேடி."

அதிலிருந்து பீட்டருக்கு அக்கா உத்தரவு போட்டுவிட்டார். இறங்கும்போதும் சொல்ல வேண்டும், ஏறினதும் சொல்ல வேண்டும். அவர் "ஏறிவிட்டேன்" என்று மெசேஜ் போடும் வரை அக்கா டிபன் பாக்ஸைத் திறக்க மாட்டார்.

"அக்கா, எனக்குப் பசிக்குது."

"நீ சாப்டுடி. அந்த மனுசன் இன்னும் தண்ணியில கெடக்குறாரு."

இது பீட்டருக்கும் தெரியும். நான்தான் போட்டுக் கொடுத்தேன்.

இன்றைக்குக் கீழ்பென்னாத்தூருக்கு, அக்கா வீட்டுக்குப் போகும் வழியில் என் போனில் ஆபீஸ் சாட். பீட்டர். "இறங்குகிறேன், தண்ணீர் எட்டு டிகிரி, வசந்தாவிடம் சொல்லுங்கள்." கடலுக்குள் தனியாகப் போகிறவரிடம் இதை எப்படிச் சொல்வது? "ஓகே" என்று மட்டும் போட்டேன்.

மேனேஜரிடம் கேட்டேன். "லீவுல இருக்காங்கன்னு சொல்லிடும்மா" என்கிறார். லீவா...?

வீட்டுக் கூடத்தில் ஐஸ் பெட்டி. அதன் பக்கவாட்டில் சிவப்பு எழுத்தில் நான்கு டிகிரி என்று காட்டுகிறது. என் மூளை பாட்டுக்கு ஆறு எம்எம், தலைக்கு உறை, கைக்கு உறை என்று கணக்குப் போடுகிறது. எனக்கு என்ன ஆகிவிட்டது என்றே தெரியவில்லை.

ஆபீஸ் ஏசிக்கே ஸ்வெட்டர் போடுகிறவர். உள்ளே வெறும் பட்டுப்புடவையில் படுத்திருக்கிறார்.

அங்கே நின்றுகொண்டிருக்கும்போதே போன் அதிர்ந்தது. பீட்டர்.

"ஏறிவிட்டேன். வசந்தாவைச் சாப்பிடச் சொல்லுங்கள்."

சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். இருந்தாலும் பெட்டிமேல் குனிந்து சொல்லிவிட்டேன். "அக்கா, அவரு ஏறிட்டாராம். நீங்க சாப்புடுங்க."

பீட்டருக்கு இன்னும் பதில் போடவில்லை.

ஸ்வெட்டர் உங்கள் சேரிலேயே இருக்கிறது, அக்கா. யாரையும் எடுக்க விடமாட்டேன்.