முதலாளி இல்லாமல் ஓடிய ஓராண்டு

காலையில் வேலையில் இருந்தபோது கம்பெனித் தோழி ஜெனிட்டா போனில் அழைத்தார். "அக்கா, நம்ம மேடம் போயிட்டாவ" என்றார். கையிலிருந்த பனியனை எங்கே வைத்தேன் என்று நினைவில்லை. தாராபுரத்தில் தம்பி வீட்டில், தூக்கத்திலேயே சரோஜினி மேடத்தின் உயிர் பிரிந்திருந்தது.

முதலிபாளையத்துப் பனியன் கம்பெனியில் அவர் பொறியாளர். நான் துணியின் தரம் பார்ப்பவள். டீ நேரத்தில் மொட்டை மாடியில் நின்று ஊரைப் பார்த்தபடி பேசுவார். "நூலு, கரண்டு, மனுச பலம் எல்லாத்தையும் அளந்து, எல்லாருக்கும் சமமாப் பங்கு போட்டாப் போதும் கண்ணு. லாபம் எதுக்கு?" கேட்கக் கேட்க, அப்படியொரு ஊர் எங்கோ ஏற்கெனவே இருப்பதுபோலத் தோன்றும்.

மகனோடு இருக்க வெளிநாடு கிளம்பிய முதலாளி, "விக்கிற வரைக்கும் நீங்களே ஓட்டுங்க மேடம்" என்று சாவியைக் கொடுத்தார். கனவுக்கு ஒரு கட்டடம் கிடைத்தது. அவரவர் பலத்துக்கேற்ற வேலை, எல்லாருக்கும் சமமான வருமானம். ஓவர்டைம் இல்லை. வேலை முடிந்து வந்து, நான் குடியிருந்த ராயபுரம் தெருவில் வெயில் சாய்வதை அந்த ஆண்டுதான் பார்த்தேன்.

அப்போதுதான் மேடத்தின் திட்டப்படி, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்திருந்த டெய்லர் ஜெனிட்டா பேக்கிங்குக்கு மாற்றப்பட்டார். தையலில் அவர் வேகம் குறைந்திருந்தது உண்மை. அவரோ மிஷினை விட்டு எழவில்லை.

"உங்க கணக்கு சரியாத்தான் இருக்கும் மேடம். எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியளா?"

கூடமே நின்றுவிட்டது. மேடம் கையிலிருந்த திட்டத் தாளை மடித்தார். பிறகு சொன்னார்: "கேக்கலீங்க. தப்புதானுங்க."

மறுநாள் முதல் திட்டத்தை எல்லார் நடுவிலும் வைத்தார். சண்டை போட்டோம், திருத்தினோம். காலையில் தையல், மதியம் பேக்கிங் என்று ஜெனிட்டாவே கேட்டு வாங்கிக்கொண்டார். முன்பைவிட நன்றாகவே ஓடியது.

பிறகு கம்பெனி விற்றுப்போனது. புதிய முதலாளி பழைய வழிக்கே திரும்பினார். மேடம் வேலையை விட்டுக் கிளம்பிய கடைசி நாள், வாசலில் கேட்டேன்: "தோத்துட்டமுங்களா மேடம்?"

சிரித்தார். "ஒரு வருசம் ஓடுச்சல்ல கண்ணு. ஓடவே ஓடாதுன்னு நம்மகிட்ட இனி யாரும் சொல்ல முடியாது."

உலகம் இப்படித்தான் என்று யாராவது சொன்னால், முன்பெல்லாம் தலையாட்டிவிடுவேன். இப்போது, "இல்லீங்க, நான் வேற மாதிரி பாத்திருக்கேன்" என்கிறேன். அந்தத் துணிச்சல் அவர் தந்தது, என்னிடமே இருக்கட்டும்.